பாண்டிமுருகன் கேட்ட தேதி

எம். புதுப்பட்டிக்கு வெளியே நாங்கள் வாங்கிய இடத்தில் அஸ்திவாரம் எழும்பிய நாளிலிருந்து பாண்டிமுருகன் அண்ணாச்சி சாயங்காலமானால் வந்து நின்றுவிடுவார். பக்கத்து நிலம் அவருடைய பட்டாசுக் கம்பெனி. வந்தவர் மணலைப் பார்ப்பார், செங்கலைத் தட்டுவார், கடைசியில் ஒரே கேள்விதான்.

"பால் என்னைக்குக் காய்ச்சுறீக சிஸ்டர்?"

கூரையே போடவில்லை, அதற்குள் பால்! "தெரியலையே அண்ணாச்சி" என்பேன். "தீவாளி கழிச்சு வச்சுக்கோங்களேன். அவசரம் என்ன?" என்பார். ஒரு நாள் திருஷ்டிக்குக் கட்டச் சொல்லிப் பூசணிக்காய் கொண்டுவந்தார். இன்னொரு நாள், "சுவரு எழும்பட்டும், கதவு மட்டும் இப்பம் வைக்காதீக" என்றார். என் வீட்டுக்கு நான் கதவு வைப்பதில் இவருக்கு என்ன வந்தது?

நான் சிவகாசியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கல்யாணமாகி வந்ததிலிருந்து வாடகை வீடுதான். ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். சேர்த்ததையெல்லாம் இந்த மண்ணில் போட்டிருக்கிறோம். அதனால் அண்ணாச்சியின் கேள்வி எனக்குள் உட்கார்ந்து குடைந்தது. வாத்தியாரான என் கணவர் நேசகுமார், "விருந்துக்கு ஆசைப்படுறாரு, விடு ஜெபா" என்று சிரித்தார். விடுகிற ஆளா நான்?

இடத்தில் ஏதோ வில்லங்கம், அது இவருக்குத் தெரிந்திருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். வில்லங்கச் சான்று மறுபடி எடுத்துப் பார்த்தேன். பளிச்சென்று சுத்தமாக இருந்தது. மனசு ஆறவில்லை. வக்கீல் ஜெஸ்லினிடம் போனேன்.

அவள் கேட்ட முதல் கேள்வி: "அவரோட மேகசின் உங்க இடத்துலருந்து எம்புட்டு தூரம்?"

மேகசின் என்றால் வெடிச்சரக்கு அடுக்கும் குடோன். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம், ஒரு முருங்கை மரம் தள்ளித்தான் இருந்தது.

ஜெஸ்லின் சிரித்துவிட்டாள். "அக்கா, மேகசினைச் சுத்தி இவ்வளவு தூரத்துக்கு ஆள் குடியிருக்கிற வீடு இருக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு. உங்க மனையில நீங்க வீடு கட்டுனா, அவரு சரக்கைக் குறைக்கணும். இல்லேன்னா லைசென்ஸுக்கே சிக்கல். பால் காய்ச்சினாத்தான் அது வீடுன்னு அண்ணாச்சி நம்பிக்கிட்டு இருக்காரு. அதுக்குள்ள இன்ஸ்பெக்‌ஷனும் சீசனும் முடியணும்னு பாக்குறாரு!"

எனக்கும் சிரிப்பு வந்தது. பிடி என் கையில் இருக்கிறது என்ற சந்தோஷம் வேறு. எழுந்து கிளம்பினேன்.

"இருங்கக்கா. அந்தத் தூரம் யாருக்காகன்னு நினைக்கீக?"

வாசலிலேயே நின்றுவிட்டேன். தீக்காய வார்டில் கட்டுப்போடுகிற கை என்னுடையது. விபத்து நடந்த இடத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களையும் நான் பார்த்திருக்கிறேன். சொந்த வீட்டு ஆசையில் அது என் மண்டைக்கு எட்டவே இல்லை. என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. பத்திரத்தையும் வரைபடத்தையும் அத்தனை தடவை பார்த்தவள், வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருக்கலாம்.

அன்று சாயங்காலமும் அண்ணாச்சி வந்தார். வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

"எல்லாம் தெரிஞ்சுபோச்சு அண்ணாச்சி. மேகசினை மாத்துங்க. இல்ல, எனக்கு வேற இடம் மாத்திக் குடுங்க. ரெண்டும் இல்லேன்னா நாளைக்கே கலெக்டர் ஆபீஸ்ல மனு போடுவேன்."

அவர் முகம் சுண்டிவிட்டது. "கோவப்படாதீக. ஒன்னும் ஆகாது சிஸ்டர். நான் அம்புட்டு கவனமா இருக்கேன்ல?"

"உங்க வீடு எங்கன இருக்கு?"

"சிவகாசி டவுனுக்குள்ள."

"இங்கன இம்புட்டு இடம் கெடக்கே. ஏன் இங்கனயே கட்டல?"

அவர் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்து, துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"கட்டத்தான் பாத்தேன். எங்க வீட்ல ஒத்துக்கல. பிள்ளைகள வச்சுக்கிட்டு கண்ணு மூட முடியாதுன்னுட்டா."

"நானும் ஒரு வீட்டுக்காரிதான் அண்ணாச்சி."

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எழுந்து, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனார். நேசகுமார், "பகையாக்கிட்டியே" என்றார். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. போட்ட பணம் மண்ணோடு போய்விடுமோ என்று கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டே இருந்தேன்.

அடுத்த வாரம் அவர் கொத்தனாரோடு வந்து எங்கள் அஸ்திவாரத்தைச் சுற்றிச் சுற்றி அளந்தார். ஊருக்குள் பள்ளிக்கூடத்தை ஒட்டி அவருக்கு ஒரு மனை இருக்கிறதாம். அதில் இதே அளவுக்கு அஸ்திவாரம் போட்டுத் தந்துவிட்டு, இடத்தை மாற்றி எழுதிக்கொள்வதாகச் சொன்னார். ஜெஸ்லினே பத்திரம் எழுதட்டும் என்றேன். சரி என்றார்.

வேலை முடிந்தும் அவர் கிளம்பவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"உங்க அடுப்படிய மட்டும் கொஞ்சம் பெருசாப் போட்டுறட்டுமா சிஸ்டர்? எங்க வீட்ல கேட்டுட்டு வரச் சொன்னா."