ஒருத்திக்குப் பொருந்திய மருந்து

டாக்டர் பெய்யின் அறையை விட்டு வெளியே வந்த யுன்ஃபாங், கையிலிருந்த தாள்களை மடித்துக் கோட்டுப் பைக்குள் திணித்தாள். தாழ்வாரத்தின் கோடியில் மெய்சென் இரண்டு பேருக்கும் சோயாப்பால் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு பேரும் சிகரெட்டைத் தொட்டதில்லை. இரண்டு பேருக்கும் நுரையீரலில் புற்று. மூன்று வருடங்களுக்கு முன் இதே ஷாங்காய் ஆஸ்பத்திரி வரிசையில் பழக்கமானவர்கள். ஒரே மாத்திரை. இரண்டரை வருடம் கட்டி அடங்கிக் கிடந்தது. பிறகு யுன்ஃபாங்குக்கு மாத்திரை கேட்காமல் போனது, அடுத்த மாதமே மெய்சென்னுக்கும். புதிய மருந்தைச் சோதித்துப் பார்க்க ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், அது பொருந்துமா என்று பார்க்க, இருவரும் ஒரே நாளில் கட்டியில் ஊசி குத்திச் சதைத் துணுக்கு கொடுத்தார்கள்.

டாக்டர் பெய் சற்று முன்தான் விளக்கியிருந்தார். "இதுவரைக்கும் கட்டியை வளர்க்கிற புரதத்தோட வாயை அடைச்சோம். அது வாயோட வடிவத்தையே மாத்திக்கிச்சு. புது மருந்து வாயை அடைக்காது. 'இது குப்பை'ன்னு முத்திரை குத்தவைக்கும். செல்லுக்குள்ளயே கழிவை அரைக்கிற இடம் இருக்கு. மிச்சத்தை அது பார்த்துக்கும்."

குடியிருப்பின் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று, எது எந்தத் தொட்டிக்கு என்று ஊரையே அதட்டியவள் யுன்ஃபாங். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அவளுடைய கட்டிக்கு இந்த மருந்து பொருந்துகிறது என்றும் டாக்டர் சொன்னார். வெளியே காத்திருப்பவளை நினைத்ததும் அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. காலையில் மெய்சென்தான் முதலில் உள்ளே போனாள். 'இன்னும் ரிசல்ட் வரலை' என்று சொல்லியிருந்தாள்.

"என்னடி சொன்னார்?" என்று கேட்டாள் மெய்சென்.

"எனக்கும் வரலைக்கா."

மெய்சென் சோயாப்பாலை உறிஞ்சிவிட்டுச் சிரித்தாள். "பொய் சொல்றதுல நீ என்னைவிட மோசம். எனக்கு வந்துடுச்சு. என் கட்டி வேற வழியில வளருதாம். இந்த மருந்து அதைத் தொடாதாம்."

யுன்ஃபாங் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அப்ப எனக்கும் வேண்டாம்," என்றாள்.

"ஏண்டி, எனக்குச் சோறு இல்லைன்னா உன் கிண்ணத்தையும் கவுத்துடுவியா? எடு அந்தத் தாளை."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெய்சென் அந்தச் சம்மதப் படிவத்தை ஒவ்வொரு பக்கமாக வாசித்தாள். வயிற்றுப்போக்கு வரலாம். தோல் தடிக்கலாம். ஐந்தாம் பக்கத்தில் ஒரு வரியின்மேல் விரலை வைத்தாள். "பலன் கிடைக்கும்னு உறுதி சொல்ல முடியாதுன்னு போட்டிருக்கான்." பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

"உனக்கு இனி என்ன மருந்துக்கா?"

"திங்கக்கிழமை கீமோ. முடி கொட்டுமாம். சாயம் பூசுற வேலை மிச்சம்."

யுன்ஃபாங்குக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"கையெழுத்து டாக்டர் முன்னால போடணும். பேர், வயசையாவது இப்ப எழுது," என்றாள் மெய்சென். எழுத மேஜை இல்லை. அவள் திரும்பி உட்கார்ந்து முதுகைக் காட்டினாள். "ம், இதுல வச்சுக்கோ. அழுத்தாதே."

யுன்ஃபாங் தாளை அந்த முதுகின்மேல் விரித்தாள். எழுத்து கோணியது. மெய்சென் மூச்சு இழுக்கும்போது தாள் மேலே எழுந்தது, விடும்போது தாழ்ந்தது. அது தாழும் வரை காத்திருந்து, பேனாவை மறுபடி வைத்தாள்.