ஒரு காசளவு இடைவெளி

“வீம்பு சார், சுத்த வீம்பு. நான் அடிச்ச பலகையைப் பிடுங்கி எறியணும்னே ஏணியில ஏறி, விழுந்துட்டார்.”

அண்ணன் இதைச் சொன்னபோது அவள் முற்றத்தில் மடக்கு நாற்காலிகளை விரித்துக்கொண்டிருந்தாள். கையில் இருந்த நாற்காலியை விரிக்காமல் அப்படியே தரையில் போட்டாள். சத்தத்துக்கு நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். காலையிலிருந்து இது நாலாவது தடவை. துக்கம் கேட்க யார் வந்தாலும் அண்ணன் இதே கதையைச் சொன்னான், எதிர்வீட்டுத் தபால்காரர் சாட்சி சொன்னார்.

“என் ரெண்டு கண்ணால பாத்தேங்க. ஏணி மேல நின்னுக்கிட்டு ஆணியை நெம்பிட்டிருந்தார். ஒரு வாரமாவே இதே வேலைதான். இவன் வேலைக்குக் கிளம்ப வேண்டியது, அவர் ஏணியைத் தூக்கிட்டு வர வேண்டியது. நேத்தும் இறங்குங்க ஐயான்னு கத்தினேன். தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்னு நிக்கிற மனுஷன் கேப்பாரா?”

அப்பாவை முன்னறையில் கிடத்தியிருந்தார்கள். ஜன்னல் திறந்திருந்தது. அவர் தலைமாட்டுக்கு நேராகத்தான் இத்தனை பேச்சும் நடந்தது. செத்தவர் எழுந்து வந்து மறுத்துப் பேசப் போவதில்லை என்ற தைரியம்!

சாலையைப் பார்த்த மரக்கொட்டகையின் உச்சியில், கூரைக்குச் சற்றுக் கீழே, சாம்பல் நிறப் பிளாஸ்டிக் பலகை ஒன்று கழன்று தொங்கியது. வந்தவர்கள் முதலில் அதை அண்ணாந்து பார்த்து ‘த்சொ’ கொட்டினார்கள். அப்புறம்தான் உள்ளே போய் அப்பாவைப் பார்த்தார்கள்.

அந்தப் பலகைகளுக்காக வீட்டில் இரண்டு வருஷம் சண்டை நடந்தது. வைக்கோலும் பழைய டிராக்டரும் கிடக்கிற கொட்டகை அது. மரச்சுவர். வருஷா வருஷம் அப்பா ஏணி போட்டு ஏறி, பழைய சாயத்தைச் சுரண்டி, இற்றுப்போன பலகையை மாற்றி, புதுச் சாயம் அடிப்பார். எழுபத்துநாலு வயதிலும் அதை விடவில்லை.

“பழைய பலகை மேலேயே பிளாஸ்டிக் பலகையை அடிச்சிடலாம்பா. சாயம் வேண்டாம், கரையான் வராது, மழையில ஊறாது. அழுக்கானா தண்ணி விட்டுக் கழுவினாப் போதும். நீங்க ஏணி பக்கமே போக வேண்டாம்” என்றான் அண்ணன்.

“ஒண்ணுமே செய்ய வேண்டாத சுவர்னு ஒண்ணு இருக்காடா?” என்றார் அப்பா.

கடைசியில் ஒருநாள், “என்னமோ பண்ணித் தொலை” என்று விட்டுவிட்டார். அண்ணன் ஆலைக்கு லீவு போட்டு, ஒற்றை ஆளாக எல்லாச் சுவருக்கும் அடித்து முடித்தான். அப்பா ஒரு நாளும் பக்கத்தில் போய் நிற்கவில்லை. வாசலில் உட்கார்ந்து சுத்தியல் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

தெருவில் அப்பாவுக்கு ‘ரெட்டை ஆணி’ என்று பெயர். ஓர் ஆணி போதுமென்ற இடத்தில் இரண்டு அடிப்பார். இறுக்கி அடி, இல்லையென்றால் அடிக்காதே என்பார். அண்ணன் கற்றுக்கொண்டதும் அதைத்தான். அப்படிப்பட்டவர் ஆணியை நெம்புகிறார் என்றால் வீம்பு இல்லாமல் வேறென்ன என்று எல்லாரும் கேட்டார்கள். அவளுக்கும் வேறு காரணம் தோன்றவில்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் விட ஆத்திரமாக இருந்தது.

உள்ளே போனாள். சமையலறையில் அம்மா ஆஸ்பத்திரியில் கொடுத்த பையைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூக்குக்கண்ணாடி, கிழித்தெடுத்த சட்டை, ஒரு காசு. ஒரே ஒரு காசு.

“இது எப்படிடீ வந்தது?” என்றாள் அம்மா. “சட்டைப் பையில காசே வெக்க மாட்டாரே. துவைக்கும்போது விழுதுன்னு நான் திட்டுவேன்னு.”

“அண்ணன் வெளியில என்ன பேசறான்னு கேக்குதா உனக்கு?”

“கேக்குது.”

“நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

அம்மா காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எனக்கு என்ன தெரியும்? அவன் வர்றதுக்குள்ள ஏணியை எடுத்து வெச்சிடணும்னு பறப்பார். என்ன பண்றீங்கன்னா, ‘அவன்கிட்ட மூச்சு விடாதே, முகம் சுண்டிப் போயிடும்’பார். அவ்வளவுதான் தெரியும்.”

வீம்புக்குப் பிடுங்குகிறவர் எதற்கு ஒளிக்க வேண்டும்? பட்டப்பகலில் பிடுங்கி, அவன் காலடியிலேயே போட்டிருக்க மாட்டாரா? அவள் காசை வாங்கிக்கொண்டு எழுந்தாள். யாரோ இன்னும் நாற்காலி கேட்டார்கள். கொட்டகையில் ஒரு பெஞ்சு கிடப்பது ஞாபகம் வந்தது.

கொட்டகைக்குள் டிராக்டருக்குப் பின்னால் பெஞ்சு இருந்தது. அதன் மேல் மிச்சப் பலகைகள் கிடந்த நீள அட்டைப்பெட்டி. தூக்கி ஓரமாக வைக்கப் போனவள் பெட்டியின் பக்கவாட்டில் அச்சடித்திருந்த படத்தைப் பார்த்தாள். ஆணியின் தலைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு காசு செருகியிருந்தது. கீழே, ‘ஆணியை இறுக்க வேண்டாம். ஒரு காசு நுழையும் இடைவெளி விடவும். வெயிலில் பலகை நீளும், குளிரில் சுருங்கும்’ என்று இருந்தது.

அந்த வரிக்கு அடியில் தச்சுப் பென்சிலால் கோடு போட்டிருந்தது. பக்கத்தில் ஐந்தைந்தாகக் கட்டிய சின்னச் சின்னக் கோடுகள். எண்ணினாள். பதினேழு.

வெளியே ஓடிவந்து சுவரைக் கீழிருந்து எண்ணினாள். கழன்று தொங்கியது பதினெட்டாவது வரிசை. அதற்கு மேலே இன்னும் மூன்று. இறுக்கி அடித்த அந்த மூன்றும் வெயிலில் நீள இடமில்லாமல் நெளிந்து கிடந்தன. போன மாதம் அவள் வந்திருந்தபோது சுவர் முழுக்க அப்படித்தான் அலை அலையாக இருந்தது. கடைக்காரன் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று அண்ணன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனான். இப்போது கீழேயிருந்து பதினேழு வரிசையும் நூல் பிடித்த மாதிரி இருந்தன. காலையிலிருந்து இத்தனை பேர் அண்ணாந்து பார்த்தார்களே, ஒரு ஜென்மத்துக்காவது கண் தெரிந்ததா? அவளுக்கும்தான் தெரியவில்லை.

திரும்ப உள்ளே போய் அந்த அட்டையைக் கிழித்து எடுத்தாள். படி, பெரிய மனுஷா, படித்துவிட்டுப் பேசு என்று அண்ணன் முகத்தில் எறிய வேண்டும் போலிருந்தது. விறுவிறுவென்று முற்றத்துக்கு வந்தாள். அண்ணன் தண்ணீர் டம்ளரைப் பிடித்தபடி நின்றான். அவன் கட்டைவிரல் நகம் கறுத்துச் செத்திருந்தது. பலகை அடித்தபோது சுத்தியல் பட்டது. அப்பா இனி ஏணியில் ஏறக் கூடாது என்று அடித்த பலகை.

அவள் அட்டையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். இவனிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் இவன் என்ன ஆவான்?

“என்ன இருந்தாலும் பெத்த பிள்ளை ஆசையா செஞ்சதை இப்படிப் பிடுங்கலாமா?” என்று தபால்காரர் யாரிடமோ சொன்னார்.

“அவர் பிடுங்கலை” என்றாள். நினைத்ததை விடச் சத்தமாக வந்துவிட்டது. “இளக்கிவிட்டார்.”

“ரெண்டும் ஒண்ணுதானேம்மா.”

“ஒண்ணு இல்லை! தெரியாட்டி வாயை மூடிக்கிட்டு இருங்க. அப்பா உள்ள படுத்திருக்கார்!”

அம்மா வாசலுக்கு வந்து நின்றாள்.

“எதுக்கு இளக்கணும்?” என்று அண்ணன் கேட்டான்.

அவள் புடவைக்குள் அட்டையை இறுக்கிப் பிடித்தாள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. கொட்டகையின் மேல் மூன்று வரிசையிலிருந்தும் ‘டக்’ என்று சத்தம் வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு ‘டக்’. ஒரு மாதமாக மத்தியானத்தில் அந்த வீட்டுக்குப் பழகிப்போன சத்தம். ஆனால் முன்பெல்லாம் சுவர் முழுக்கக் கேட்கும். அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். பார்வை மேலேயிருந்து மெல்லக் கீழே இறங்கியது.

“கையில என்ன?” என்றான்.

“ஒண்ணுமில்லை.”

“காட்டு.”

கொடுத்தாள். அவன் படித்தான். இரண்டு தடவை படித்திருப்பான். அந்தப் பென்சில் கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். அவள் காசையும் கொடுத்தாள்.

அண்ணன் கொட்டகையின் மூலைக்குப் போனான். முன்சுவரில் ஒரு உள்ளங்கையை வைத்துத் தள்ளினான். பலகை நகர்ந்தது, கொஞ்சம் போய், கொஞ்சம் வந்தது. மறு கையைப் பக்கத்துச் சுவரில் வைத்துத் தள்ளினான். அது அசையவில்லை. அப்பா அந்தச் சுவருக்கு இன்னும் வரவேயில்லை.

அத்தை வண்டியில் வந்து இறங்கினாள். அப்பாவின் ஒரே தங்கை. இறங்கும்போதே அழுதுகொண்டு வந்தவள் நேரே அண்ணனிடம் போய் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

“எப்படிடா ஆச்சு? எப்படிடா விழுந்தான் எங்கண்ணன்?”

தபால்காரர் தொண்டையைச் செருமினார். மகள் திரும்பி ஒரு பார்வை பார்த்ததில் அடங்கினார்.

“நான்தான் அத்தை” என்றான் அண்ணன். “ஆணியை இறுக்கி அடிச்சிட்டேன்.”

அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவர்களுக்கு மேலே மூன்று வரிசையும் வெயிலுக்கு டக், டக் என்றன. அண்ணன் காசை உள்ளங்கையில் வைத்து இறுக்கிக்கொண்டு, மறு கையால் அத்தையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனான்.