'நார்மல்' என்று எழுதிய குழாய்

திரையில் நூற்று முப்பத்தொன்று என்று வந்ததைப் பார்த்து சிந்துஜா முதலில் சிரித்துவிட்டாள். கடலூர் வெயிலில் பரிசோதனைக் கிட்டு கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்தாள்.

கர்ப்பிணிகளுக்கு ரத்தக்கொதிப்பு முற்றி ஆபத்தாகப் போகிறதா என்று முன்கூட்டியே சொல்லும் ரத்தப் பரிசோதனை அது. மஞ்சக்குப்பத்து லேபுக்கு வந்து நான்கு நாள்தான் ஆகிறது. நஞ்சுக்கொடியிலிருந்து ரத்தத்தில் இறங்கும் இரண்டு புரதங்களை அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்துச் சொல்லும். முப்பத்தெட்டுக்குள் இருந்தால் இப்போதைக்குப் பயமில்லை. எண்பத்தைந்தைத் தாண்டினால் தாய்க்கு வலிப்பு வரைக்கும் போகலாம், பிள்ளையை நாள் நிறையும் முன்பே எடுக்க வேண்டி வரலாம்.

புதுக் கிட்டு எது வந்தாலும், நோயாளியின் ரத்தத்தோடு நல்ல உடம்புக்காரர் ஒருவரின் ரத்தத்தையும் ஓட்டிப் பார்ப்பது அந்த லேபின் வழக்கம். சர்க்கரைக்கும் தைராய்டுக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் ஒன்பது வருடமாக அந்த நல்ல உடம்புக்காரி, அங்கே டெக்னீஷியனாக இருக்கும் சிந்துஜாதான். இதற்குக் கர்ப்பிணியின் ரத்தம் வேண்டும் என்றதும் லேபை நடத்தும் சார்லஸ் அவளுடைய ஏழு மாத வயிற்றைப் பார்த்தார். கேட்பதற்கு முன்பே அவள் கையை நீட்டிவிட்டாள். தன் குழாயில் அவள் பேர் எழுதுவதில்லை, 'நார்மல்' என்றுதான் எழுதுவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. அந்தக் குழாய்க்குத்தான் இன்று நூற்று முப்பத்தொன்று வந்திருந்தது.

இன்னொரு குழாய் மேல்பட்டாம்பாக்கத்து ஜெயராணியுடையது. டாக்டர் சீட்டோடு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையாமல் பக்கத்தில் கிடந்தது. அவளுக்கு வந்ததோ வெறும் இருபத்திரண்டு.

"கொழாய மாத்தி வெச்சிட்டோம்மா," என்றார் சார்லஸ். "அந்தம்மா கால பாரு. நூத்தி முப்பத்தொன்னு அதுக்குத்தான். நீ கல்லு மாதிரி இருக்கிற."

அப்படித்தான் இருக்கும். அவளுக்கு மூச்சு திரும்பி வந்தது. கண்ணாடிக் கதவு வழியே ஜெயராணியைப் பார்த்தபோது, அந்த எண் அங்கே போய்ச் சேர்ந்ததில் உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எழுந்தது. அதைக் கண்டுகொண்டதும் அவளுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருந்தது. அவளும் பிள்ளைத்தாய்ச்சி, நானும் பிள்ளைத்தாய்ச்சி. எந்த வாயால் இப்படி வேண்டிக்கொண்டேன்?

"பேர மட்டும் மாத்திக் குடுத்துரக் கூடாதுண்ணா. ரெண்டு பேருக்கும் புதுசா எடுத்து ஓட்டலாம். அதுவரைக்கும் ரிப்போர்ட்டு வெளிய போவ வேணாம்," என்றாள்.

ஜெயராணியின் கையில் அவளே ஊசி குத்தி ரத்தம் எடுத்தாள். எடுக்கும் முன்பே குழாயில் பேர் எழுதி, இரண்டு முறை வாய்விட்டுப் படித்துக்கொண்டாள்.

"ஏம்மா மறுபடியும்? ஏதாச்சும் ஜாஸ்தியா இருக்குதா?"

"சரிபாத்துக்கறோம்க்கா. அவ்ளோதான்."

ஜெயராணி அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்கு எத்தன மாசம்? மொகமெல்லாம் நல்லா உப்பி அழகா இருக்கிற. பொம்பளப் புள்ளதான், எழுதி வெச்சிக்கோ."

சிந்துஜா பஞ்சை அழுத்திப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டாள்.

தினம் பத்துப் பேரிடமாவது அவள் கேட்கும் கேள்விகள்தான். முகம் வீங்குதா? தலைவலி இருக்கா? போன வாரம் மோதிரம் விரலைக் கடித்தது, கழற்றித் தாலிக்கயிற்றில் கோத்துக்கொண்டாள். உடம்பு பூரிக்குது என்று மாமியார் லோகநாயகி பூரித்துப்போனார். இரண்டு நாளாகத் தலைவலி. சிதம்பரத்திலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போகிற அலுப்பு என்று தைலம் தடவிக்கொண்டாள். ஊரார் வீட்டுப் பெண்களிடமெல்லாம் கேட்டவள் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவில்லை. நார்மலிடம் யார் கேட்பார்கள்?

தன் புதுக் குழாயை எடுத்தபோது பேனா தயங்கியது. முதல் தடவையாக 'சிந்துஜா, 29 வாரம்' என்று எழுதினாள்.

மெஷின் முக்கால் மணி நேரம் எடுத்துக்கொண்டது. ஜெயராணி இருபத்து மூன்று. சிந்துஜா நூற்று இருபத்தொன்பது.

சார்லஸ் பிரஷர் பார்க்கும் பட்டையை அவள் கையில் சுற்றினார். பார்த்தார். காற்றை இறக்கிவிட்டு மறுபடி சுற்றினார். எப்போதும் நூறு, நூற்றுப்பத்துக்கு மேல் போகாத உடம்பு அவளுடையது.

"எவ்ளோண்ணா?"

"நூத்தியம்பத்தாறுக்கு நூத்திநாலு. நீ எழுந்திரிக்காத. டாக்டருக்குப் போன் போடறேன். இன்னிக்கே அட்மிட் ஆவணும்மா."

அவளுக்கு அழுகை வரவில்லை. கை கால் எல்லாம் யாருடையதோ போல இருந்தது. உள்ளே பிள்ளை எப்போதும் போல ஒரு உதை விட்டது. இருபத்தொன்பது வாரம். ஒரு கிலோ தாண்டியிருக்குமா?

போன் அடித்தது. வீடியோவில் கணவன் கதிரவன், சிதம்பரம் கீழவீதி வளையல் கடையில் நின்றுகொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. அவன் பின்னால் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்கள் கம்பி கம்பியாகத் தொங்கின.

"சிந்து, வளையல் அளவு ரெண்டு நாலுன்னு அம்மா சொல்லுது. கடைக்காரரு கையப் பாத்து சொல்றேன்றாரு. கொஞ்சம் காட்டேன்."

"மாமா," என்றாள்.

"லைட்டுல காட்டு, அப்பதான் தெரியும்."

அவள் இடது கையைத் திரைக்கு முன்னால் தூக்கினாள். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. போனை மேஜைமேல் சாய்த்து வைத்துவிட்டு, நீர் கோத்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல வலது கட்டைவிரலால் தன் மணிக்கட்டை ஒருமுறை அழுத்தி எடுத்தாள்.

கடைக்காரர் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். கதிரவன் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தான். அழுத்திய இடத்தில் விழுந்த குழி எழும்பி வருவதற்காக இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.