நோட்டுல பேரு எழுதிட்டு ஒக்காருங்க

1

வீடு மாற்றும்போது கிடைத்த ஒரு பழைய தாளிலிருந்து பிறந்தது இந்தக் கதை. 'குழுவில் கலகக்காரரைக் கண்டுபிடிக்க மூன்று வழிகள். மட்டுறுத்துநர் நரசிம்மன், 2003.' எழுதியது நான்தான், ஒரு மின்னஞ்சல் குழுவுக்கு மாடரேட்டராக இருந்தபோது. 'ட்ரோல்' என்ற சொல் அன்று எங்களுக்குத் தெரியாது.

ஒன்று, சொந்தப் பெயர் சொல்லமாட்டார். இரண்டு, ஓயாமல் கேள்வி கேட்பார். மூன்று, கொச்சையாக எழுதிக் கேலி செய்வார்.

(மூன்றாவதைப் படித்ததும் தாளை மடித்துவிட்டேன்.)

2

'அலைகள் ஆர்ப்பரிக்கும் மாமல்லபுரக் கடலோரத்தில்...' வேண்டாம். நான் கடலைப் பார்த்ததைவிட மோடத்தின் பச்சை விளக்கைப் பார்த்ததே அதிகம்.

'அலைமடல்' என்பது எங்கள் மின்னஞ்சல் குழு. செங்கல்பட்டு முதல் மாமல்லபுரம் வரை அறுபது பேர். பாதிப்பேர் என்னைப்போல் தெற்கிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். பணியாரத்துக்கு உளுந்து எவ்வளவு என்று ஒரு வாரம் விவாதித்தோம். அந்த நாட்களுக்கு இப்போதும் ஏங்குகிறேன்.

பிறகு ராமதாஸ் வந்தார். 'அன்பு நெஞ்சங்களே, வணக்கம்' என்று தொடங்கி, நடுவில் இருவருக்குள் சிண்டு முடிந்துவிட்டு, 'பிழை பொறுத்தருள்க' என்று முடிப்பார். என்ன தமிழ்! மயங்கிக் கிடந்தேன்.

அப்போது ஒருவரிடமிருந்து மடல்மேல் மடல் வந்தது. அதில் ஒன்று:

'அண்ணாத்த, இந்த ராமதாசு அல்லாருக்கும் சண்ட மூட்டிகினு கீறாரு. வணக்கம் போட்டுட்டா நல்லவரா? இது உங்களுக்குத் தெரியலயா? – கோவளம் மேரி.'

கீறாரு! இப்படி யாராவது எழுதுவார்களா? எவனோ பெண் பெயரில் எங்களைக் கிண்டல் செய்கிறான் என்று முடிவுகட்டினேன். மூன்று வழியும் பொருந்தின. நீக்கினேன். ராமதாஸ் நன்றி மடல் அனுப்பினார். ஆறே மாதத்தில் அறுபது பேரும் ஆளுக்கொரு பக்கம் முறைத்துக்கொண்டு போனார்கள்.

3

(மேரியை ரொம்ப நல்லவராகக் காட்டுகிறேனோ? ஒரு கெட்ட வார்த்தையாவது எழுதியிருந்தால் எனக்கு வசதி. பழைய மடல்களில் தேடிவிட்டேன், இல்லை.)

2006. கோவளத்தில் பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் ஒரு பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தேன். சுவரில் கையால் எழுதிய அட்டை: 'நோட்டுல பேரு எழுதிட்டு ஒக்காருங்க. – கோவளம் மேரி.'

"மூணாவது சிஸ்டம் காலியா கீது சார்," என்றார் மேசைக்குப் பின்னாலிருந்த பெண். அதே குரல். அதாவது, நான் காதால் கேட்காமல் கண்ணால் படித்து நீக்கிய குரல். அவர் யாரையும் கேலி செய்யவில்லை. பேசுவதுபோல் எழுதியிருந்தார், அவ்வளவுதான். எனக்கு வெட்கமாக இருந்தது.

நோட்டைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார்.

4

முடிவு அ: 'நரசிம்மன், அலைமடல்' என்று எழுதினேன். அவர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "நான் எழுதுனதுல இன்னா சார் தப்பு?" நான்...

(இங்கே நாலு முறை எழுதி அடித்துவிட்டேன்.)

முடிவு ஆ: 'ராமதாஸ்' என்று எழுதினேன். முதல் வழியை நினைவிருக்கிறதா?

எது நடந்தது என்று நான் சொன்னாலும் இனி நீங்கள் நம்பவேண்டியதில்லை. யாரை நம்புவது என்பதில் என் லட்சணம் தெரிந்துவிட்டதே. பேனாவை நீங்களே பிடியுங்கள். மேரி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வ.எண் 14. பெயர்: