காக்கை தொடாத சோறு

சரசாவின் பத்தாம் நாள் காரியத்தை ஆற்றங்கரையில் வைத்தோம். எல்லா ஏற்பாடும் பக்கத்து வீட்டு ராஜஸ்ரீ. இந்த ஊர் வழக்கப்படி, படைத்த சோற்றுருண்டையைக் காக்கை வந்து தொட வேண்டும். தொடாவிட்டால் போனவருக்கு ஏதோ ஆசை மிச்சம் இருக்கிறது என்று அர்த்தம்.

சுவர் மேல் ஏழெட்டுக் காக்கைகள் இருந்தன. பக்கத்துக் குடும்பத்தார் வைத்ததைக் கொத்தித் தின்றன. எங்கள் பக்கம் வரவில்லை.

"ஏதாவது வாக்குக் கொடுங்கள்" என்றார் புரோகிதர், இந்தியில்.

என் மகள் தீப்தி கைகூப்பினாள். "அம்மா, அப்பாவ நான் பாத்துக்கிறேன். வந்து சாப்பிடும்மா."

ஒரு காக்கை முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தது.

"உங்கம்மா நம்பல பாரு" என்றேன். அழுகையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ராஜஸ்ரீ தனக்கு வரும் தமிழில் சொன்னாள்: "அண்ணா, நீ சொல்லு. புருஷனுக்குத் தெரியாதா?"

தெரியவில்லை. பிழைக்க வந்த இந்த ஊரில், பாணேர் பக்கம் கட்டடம் கட்டடமாக நாங்கள் இருவரும் மணல் சுமந்தோம். அவள் தலைக்குச் சட்டியை ஏற்றிவிட்டது என் கைதான். எந்த முழங்கால் வலிக்கும், எத்தனையாவது மாடியில் மூச்சு வாங்குவாள், எல்லாம் தெரியும். உனக்கு என்ன வேணும் என்று முப்பது வருஷத்தில் ஒருநாளும் கேட்டதில்லை.

சோற்றின் முன்னால் குந்தினேன். "சரசா, என்னான்னு எனக்குத் தெரியல. கேக்காம விட்டுட்டேன். கோவிச்சுக்காத, வா."

அவள் வரவில்லை. வெயில் ஏறியது. புரோகிதர் தர்ப்பையில் ஒரு காக்கை முடைந்து, அதைக் கொண்டு சோற்றைத் தொட்டு முடித்துவைத்தார்.

ஆட்டோவில் திரும்பும்போது தீப்தி கேட்டாள்: "அப்பா, உனக்கு என்ன ஆசை? இப்பவே சொல்லிடு. நாளைக்கு நான் தனியா வந்து காக்காகிட்ட கெஞ்ச முடியாது."

"எனக்கென்ன ஆசை."

"இந்தப் பேச்செல்லாம் வேணாம். யோசிச்சுச் சொல்லு."

யோசித்தேன். ஊர் திரும்பும் ரயில், கூட்டமில்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலைவிட்டு இரண்டு பேரும் பேசாமல் நடந்துவரும் சாலை. வந்த எல்லாவற்றிலும் பக்கத்தில் சரசா இருந்தாள். இதை இந்தப் பெண் தலையில் ஏற்றிவிட்டுப் போனால், எந்த வாக்கைச் சொல்லி இவள் காக்கையை அழைப்பாள்?

"சூடா ஒரு டீ குடிக்கணும்" என்றேன்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

என்னைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே ஆட்டோவை ஓரம் கட்டச் சொன்னாள்.