பூவுக்குப் பக்கத்தில்

கருங்கல் சந்தையில் மரச்சீனிக் கிழங்கு விற்கும் ராஜையனுக்கு ஞானபாயைப் பேசி முடித்தபோது அவளுக்குக் கண் தெரியாது என்பதை யாரும் மறைக்கவில்லை. ஏழு வயதில் அம்மை போட்டு இரண்டு கண்ணிலும் பூ விழுந்தது. வலது கண் சுருங்கியே போயிற்று. இடது கண்ணில் வெளிச்சமா இருட்டா என்பது மட்டும் தெரியும். அதை வைத்துக்கொண்டே அவள் கிழங்கு அவித்தாள், மீன் கழுவினாள், பூங்கனியைப் பெற்று நான்கு வயது வரை வளர்த்தும் விட்டாள். மகளின் முகம் அவள் விரல்களுக்கு மனப்பாடம்.

1934இல் மிஷன் ஆஸ்பத்திரிக்கு ஜெபசீலன் என்ற கண் டாக்டர் வந்திருப்பதாகக் கோயிலில் பேசிக்கொண்டார்கள். ராஜையன் வில்வண்டி பிடித்து அவளைக் கூட்டிப்போனான். டாக்டர் விளக்கைக் கிட்டே பிடித்து வெகுநேரம் பார்த்தார்.

"பூவை எடுக்க முடியாதம்மா. கண்ணுக்கு முன்னால கண்ணாடி மாதிரி ஒரு தோல் உண்டு. அதுதான் புண்ணாகி வெளுத்துக் கிடக்கு. சீமையில சில டாக்டர்மார் செத்தவங்க கண்ணுலேருந்து அந்தத் தோலை எடுத்து வச்சுப் பாக்காங்க. இஞ்ச அதுக்கு வழியில்ல."

ராஜையனுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. "செத்தவங்க கண்ணு உயிரோட இருக்கவங்களுக்குப் பாக்குமா?"

"ஒண்ணு ரெண்டு பேருக்குப் பாத்திருக்கு" என்றார் டாக்டர். அதைச் சொல்லும்போது அவர் குரலும் தணிந்திருந்தது. பிறகு ஞானபாயின் பக்கம் திரும்பினார். "இந்த இடது கண்ணுல, மூக்கு ஓரமா, பூ விழாத இடம் கொஞ்சம் மிச்சமிருக்கு. அதுக்கு நேரே உள்ள இருக்க கறுப்புத் திரையில ஒரு சின்ன வாசல் வெட்டலாம். வெளிச்சம் அது வழியா உள்ள போகும்."

"தப்பிப் போச்சுன்னா?" என்று ராஜையன் கேட்டான்.

"இப்ப இருக்க வெளிச்சமும் போயிரும்."

ராஜையன் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தான். ஞானபாய் முந்திக்கொண்டாள். "வெட்டுங்க டாக்டரே. எம் பிள்ளைய எல்லாரும் பாத்தாச்சு. நான் மட்டுந்தான் பாக்கல்ல."

கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டார்கள். அவள் விழித்தபடியே கிடந்தாள். வலியில்லை. ஏதோ அழுந்துவதுபோல் மட்டும் இருந்தது. அப்புறம், இருபது வருஷமாக அவள் முன்னால் தொங்கிய வெள்ளை ஒரு ஓரத்தில் கிழிந்தது. கிழிசலுக்குள் கறுப்பாக ஏதோ அசைந்தது. அதற்குக் கிளைகள் இருந்தன.

"டாக்டரே, அது உங்க விரலா?"

டாக்டர் கையை அப்படியே நிறுத்தி, இரண்டு விரலை மடக்கினார்.

"இப்ப மூணு" என்றாள்.

பக்கத்தில் நின்ற நர்ஸ் அழுவது மட்டும் கேட்டது.

கட்டுப்போட்டு, தலை அசையாமலிருக்க இருபுறமும் மணல்பை வைத்து, ஆறு நாள் படுக்கவைத்தார்கள். ஏழாம் நாள் கட்டை அவிழ்த்தபோது வாசலில் ஒரு சின்னப் பிள்ளை நின்றது. மங்கல்தான், ஆனாலும் தெரிந்தது. யாரென்று அவளுக்குப் புரியவில்லை. பிள்ளை கிட்டே வந்ததும் கைநீட்டி, கண்ணை மூடிக்கொண்டு, நெற்றியையும் தாடையையும் தடவினாள். பிறகு திறந்தாள். விரல் அறிந்ததும் கண் கண்டதும் ஒரே பிள்ளைதான் என்று நம்ப அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"இவ்வளவு சிறிசாட்டி நீ?" என்றாள்.

ஊர் திரும்பிய பின் எதைப் பார்த்தாலும் தலையை ஒருபக்கம் சாய்த்தே பார்த்தாள். வெயிலில் கண் கூசிற்று. எழுத்து தெரியவில்லை. புகை மேலே போவதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் இரண்டு தடவை கிழங்கு அடிப்பிடித்தது. ராஜையன் கரிந்ததைப் பேசாமல் தின்றான்.

ஆனி மாதத்தில் ஒரு பிற்பகல் முற்றத்திலிருந்து அவனைக் கூப்பிட்டாள். மேற்கே தென்னந்தோப்புகளுக்கு மேல் சாம்பல் நிறத்தில் ஒன்று, வானத்துக்கும் தரைக்குமாக நின்றபடி நகர்ந்து வந்தது. அது தொட்ட தோப்புகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

"அது என்னவாக்கும்?"

"மழையாக்கும். கடலுலேருந்து வருது."

"சத்தமே இல்லியே."

"இன்னும் இஞ்ச வரல்ல, கேட்டியா."

மழை என்றால் அவளுக்கு ஓலைமேல் விழும் ஓசையும், மேலில் படும் முதல் துளியும்தான். அது வருவதற்கு முன்பே எங்கோ இருக்கிறது, ஓசையில்லாமல் நடந்து வருகிறது என்று அவள் நினைத்ததேயில்லை. காயப்போட்ட கிழங்கை அள்ள ராஜையன் ஓடினான். அவள் தலையைச் சாய்த்தபடி, அது முற்றத்துக்கு வந்து சேரும்வரை அங்கேயே நின்றாள்.