அழிக்கும் முன் ஏழு வரிகள்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை பிறந்ததற்குக் காரணம் நான் வெட்டிய ஒரு வரி. கதையில் வெட்டியதல்ல. கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவையில், ஒரு போன் ரிப்பேர் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிற தாளில் வெட்டியது. தாள் இன்னும் அங்கேதான் இருக்கிறது. லெமினேட் பண்ணினது, இப்போதைக்குக் கெடாது.

ஆகவே இந்தக் கதையில் எதையும் அழிப்பதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். தொடங்கிப் பாதியில் விட்ட வாக்கியம், முணுமுணுப்பு, உளறல், எல்லாம் அப்படியே கிடக்கட்டும். கண்டியில் ஓர் அச்சகத்தில் முப்பத்தொரு வருஷமாகப் புரூப் பார்க்கிறவன் நான். கல்யாணப் பத்திரிகையோ கோயில் மலரோ சங்க அறிக்கையோ, ஒரு சொல் அதிகமாகக் கிடந்தால் என் சிவப்புப் பேனா தூக்கிவிடும். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த ஆள். இப்போது அந்தப் பேனாவை மேசை லாச்சியில் போட்டுப் பூட்டியிருக்கிறேன்.

மழை கொட்டிய ஒரு காலையில், வடிவம்மா தன் கணவனின் குரலை ஒரு துணிப்பைக்குள் வைத்துக்கொண்டு

[முதலில் இப்படித்தான் தொடங்கினேன். அன்றைக்கு மழையே இல்லை, சரியான வெயில். துணிப்பையும் இல்லை. போனைக் கையில்தான் இறுக்கிப் பிடித்திருந்தாள்.]

வடிவம்மாவுக்கு வயது நாற்பத்தாறு.

[இது இரண்டாவது தொடக்கம். வயது மட்டும் உண்மை. இப்படித் தொடங்கினால் மரண அறிவித்தல் மாதிரி இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.]

2

அந்தக் கடையைத் தர்ஷிகா நடத்துகிறாள். மருந்துக்கடைக்கு மேல்மாடி, ஏறும்போது முழங்கால் முறியும். முப்பது வயதிருக்கும். யாரிடமும் போய்ப் படிக்கவில்லை, எல்லாம் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டது. கம்பனி கைவிட்ட பழைய போன்களுக்கு, வெளியாட்கள் எழுதிய புதுச் சிஸ்டம் ஒன்றை ஏற்றிக் கொடுப்பதில் கெட்டிக்காரி. செத்துப்போகிற போன் இன்னும் மூன்று வருஷம் ஓடும். ஆனால் ஏற்றுவதற்கு முன்னால் போனில் இருக்கிற அத்தனையையும் துடைத்துவிட வேண்டும். துடைத்தால் துடைத்ததுதான். இப்போதைய போன்கள் உள்ளே இருப்பதைப் பூட்டி வைக்கின்றன, துடைக்கும்போது சாவியும் சேர்ந்து போய்விடும்.

போன வருஷம் என் போனைக் கொண்டுபோனபோது ஓர் ஆங்கிலத் தாளை நீட்டினாள்.

"அங்கிள், இதுல எட்டுப் பொயிண்ட் இருக்கு. நல்ல தமிழ்ல எழுதித் தாங்களேன். அது போச்சு இது போச்சுன்னு வர்ற ஆளுக என்னோட ஒரே சண்ட. சுவத்துல ஒட்டிட்டா நானும் ஒண்ணையும் மறக்க மாட்டேன்."

நல்ல தமிழ் என்றாளா, எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே உட்கார்ந்து எழுதினேன். எட்டு வரியையும் பெரிய எழுத்தில் போட்டால் தாளில் அடங்கவில்லை. எங்கே கைவைக்கலாம் என்று பார்த்தேன். இரண்டாவது வரி: "படங்கள், குரல் பதிவுகள், தொலைபேசி எண்கள் அனைத்தையும் கணினிக்குக் கவனமாக நகலெடுக்கவும்." மூன்றாவது வரி, நகலெடுத்ததைச் சரிபார்க்கச் சொன்னது. அதுதான் "கவனமாக" என்று போட்டிருக்கிறதே, பிறகென்ன? கூறியது கூறல். தூக்கினேன். ஏழு வரியும் தாளில் அழகாக உட்கார்ந்தன.*

* மற்ற ஆறையும் கேட்கிறவர்களுக்கு: பற்றரி பாதிக்கு மேல் இருக்க வேண்டும். கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் எழுதி வைத்துக்கொண்டு, கணக்கைப் போனிலிருந்து எடுத்துவிட வேண்டும். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்ற வேண்டும். திரைப்பூட்டை நீக்க வேண்டும். ஏற்றப்போகிற சிஸ்டம் அந்த மொடலுக்கு உரியதுதானா என்று பார்க்க வேண்டும். கடைசியாக, அழிக்க வேண்டும். ஆறும் சரியானவை. அதுதான் வயிற்றெரிச்சல்.

4

மூன்றாம் பகுதியைத் தேடாதீர்கள். அச்சுப்பிழை இல்லை. கடைசியில் வரும்.

வடிவம்மா மாநகர சபையில் சந்தை கூட்டுகிற வேலை செய்கிறாள். கணவன் கறுப்பையா லொறி டிரைவர், தம்புள்ளையிலிருந்து கண்டிக்கு மரக்கறி ஏற்றுகிறவர். வடிவம்மாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அதனால் கறுப்பையா எழுதி அனுப்பமாட்டார், பேசி அனுப்புவார். மூன்று வருஷத்தில் இருநூற்றுப் பதினான்கு குரல் பதிவுகள். போன மாசி மாதம் கலகெதரவில் லொறியை ஓரமாக நிறுத்தி, பிளேன்டீ ஒன்று குடித்துவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தவர்தான், பிறகு எழும்பவில்லை.

அவருடைய படம் என்று வீட்டில் ஒன்றுதான் இருக்கிறது, அதிலும் கண்ணை மூடியிருக்கிறார். மீதி எல்லாம் அந்தப் போனில், அந்தக் குரல்.

அப்படியிருக்கும்போது போனில் ஓர் அறிவிப்பு வந்தது. இந்த மாதக் கடைசியோடு இந்தப் போனில் குரல் பதிவுகள் வருகிற அந்தச் செயலி வேலை செய்யாது என்று மகள் நிலூஷா வாசித்துச் சொல்லியிருக்கிறாள். வடிவம்மா வேலைக்குப் போகாமல் நேரே பிலிமத்தலாவைக்கு பஸ் ஏறிவிட்டாள். அன்றைக்கு நானும் கடையில் இருந்தேன், சார்ஜர் வாங்கப் போயிருந்தேன்.

"புள்ள, இதுல அவரு பேசினதெல்லாம் இருக்கு. அது மட்டும் இருந்தாப் போதும். போன் போனாலும் போகட்டும்."

"ஒண்ணும் ஆகாதுக்கா. எல்லாத்தையும் கொம்பியூட்டருக்கு எடுத்துட்டு, துடைச்சு, புதுசு ஏத்திட்டு, திரும்பப் போட்டுத் தாறேன். இன்னும் மூணு வருசத்துக்கு அண்ணன் பேசுவாரு."

வடிவம்மா ஒரு பதிவை எங்களுக்குப் போட்டுக் காட்டினாள். லொறி இரைச்சலுக்கு மேலே ஓர் ஆண்குரல்: "வடிவு, கேஸ் அடுப்ப மூடிட்டுப் போ. மூடிட்டியா? மூடிட்டுப் போ." அவ்வளவுதான். இந்த மனுசன் ஏன் ஒன்றையே போட்டு அரைக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன்.

போகிறபோது வடிவம்மா என்னைப் பார்த்தாள். கண்ணாடி போட்டிருக்கிறேன், சட்டைப் பையில் பேனா வேறு. விஷயம் தெரிந்தவர் என்று நினைத்திருப்பாள்.

"அண்ணே, ஒண்ணும் போகாதுதானே?"

நான் சுவரைக் காட்டினேன். "அந்தா எழுதியிருக்கு பாருங்க. அதுல உள்ளபடி செஞ்சா ஒண்ணும் போகாது. நான் எழுதினதுதான்."

நான் எழுதினதுதான் என்று வேறு சொன்னேன். வாய் இருக்கிறதே, வாய்.

5

தர்ஷிகா ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து வைத்துத்தான் செய்திருக்கிறாள். நகலெடுத்தாள். கணினியில் இருநூற்றுப் பதினான்கு பெயர்களும் வரிசையாக வந்தன. எண்ணியும் பார்த்தாள். கணக்கை எடுத்தாள், சிம்மைக் கழற்றினாள், பூட்டை நீக்கினாள், மொடலைப் பார்த்தாள், அழித்தாள். புதுச் சிஸ்டம் பிரமாதமாக ஏறியது. பிறகுதான் கணினியில் இருந்த முதல் பதிவைத் தட்டியிருக்கிறாள்.

எனக்குப் போன் வந்தது. நான் ஒரு பூப்புனித நீராட்டு அழைப்பிதழில் "அன்புடன்" இரண்டு தடவை வருவதை அடித்துக்கொண்டிருந்தேன்.

"அங்கிள், பேரு எல்லாம் இருக்கு. உள்ள ஒண்ணுமே இல்ல. எல்லாம் சைபர். கேபிள்ல பிழை போல."

"இணையத்துல கொப்பி இருக்குமே?"

"டேட்டா முடியுதுன்னு அவங்க வீட்டுல அத ஓஃப் பண்ணி வச்சிருக்காங்க. ஒண்ணும் இல்ல."

"அழிக்கிறதுக்கு முன்னுக்கு ஒண்ணையாவது திறந்து பார்க்கலையா, மகள்?"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அழுகிறாள் என்று பிறகுதான் விளங்கியது.

"அப்படி ஒரு வரி இல்லையே அங்கிள். எட்டுல ஏழுதான் இருக்குன்னு அன்னைக்கே பார்த்தேன். நீங்க எழுதினது, சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

[இந்த இடத்தில் தர்ஷிகாவைக் கொஞ்சம் கெட்டவளாக்கலாமா என்று யோசித்தேன். வேலையில் கவனமில்லாதவள், போனில் யாருடனோ கதைத்துக்கொண்டே செய்தாள், அப்படி. வாசகருக்கு யார் மேலாவது கோபம் வரவேண்டுமே. அரைப்பக்கம் எழுதியும் பார்த்தேன். வெட்கங்கெட்ட வேலை. அவள் செய்த ஒரே பிழை என்னை நம்பினது.]

வடிவம்மாவிடம் தர்ஷிகாதான் சொன்னாள், கேபிள் பிழை என்று. என் பெயரை எடுக்கவில்லை. வடிவம்மா சத்தம் போடவில்லை. "ஒன் மேல ஒண்ணும் இல்ல புள்ள. போன மாசம் தண்ணி பிடிக்கிற பீலியடியில நாந்தான் போன ஈரத்துல வச்சேன். அதான் உள்ளுக்குள்ள கெட்டிருக்கும்" என்றாளாம். அன்றிலிருந்து தன்னைத்தானே திட்டிக்கொண்டிருக்கிறாள். நிலூஷாவிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறாள்: அப்பாவின் குரலை அம்மாதான் தொலைத்துவிட்டேன் என்று.

6

இனி முடிவு. இரண்டு முடிவு எழுதினேன்.

அ) கறுப்பையாவுடன் லொறியில் போன தினேஸ் என்கிறவனின் போனில் அதே பதிவுகள் இருக்கின்றன. எல்லோரும் சேர்ந்து கேட்கிறார்கள். [தினேஸ் என்று யாரும் இல்லை. பெண்சாதிக்கு அனுப்பிய பதிவு லொறி உதவியாளின் போனுக்கு ஏன் போகும்? ஆசைக்கு எழுதினேன்.]

ஆ) நான் வடிவம்மாவிடம் உண்மையைச் சொல்கிறேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்கண்ணே, விதி" என்கிறாள். [மன்னிப்பையும் நானே எழுதி நானே வாங்கிக்கொள்வது. சீ.]

நடந்தது வேறு.

7

போன சனிக்கிழமை மத்தியானம் வடிவம்மா அச்சகத்துக்கு வந்தாள். கையில் ஒரு புதுக் கொப்பி, எண்பது பக்கம். கதிரையில் உட்காரச் சொன்னேன், நுனியில் உட்கார்ந்தாள்.

"அண்ணே, நீங்க எழுதுற ஆளுன்னு தர்ஷிகா சொன்னிச்சு. அவரு பேசினதுல பதினொண்ணு எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கு. மறக்கிறதுக்குள்ள எழுதித் தாங்க. நிலூஷா எனக்கு வாசிச்சுக் காட்டும்."

"வேற யாராவது..." என்று இழுத்தேன்.

"நீங்கதான் நல்லா எழுதுவீங்களாம்."

எழுதினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். குரலைக்கூட அவரைப் போலத் தாழ்த்திக்கொண்டாள். பருப்பு வாங்கவா, பெரிய வெங்காயம் வாங்கவா. வருகிற வழியில் ரோட்டில் மண் சரிந்திருக்கிறது, வர நேரமாகும். நிலூஷா சாப்பிட்டுதா. என் பேனா நன்றாகத்தான் ஓடியது. இப்படிப் பதினொன்றையும் எழுதி முடித்ததும் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

"வடிவு, கதவைப் பூட்டிக்கொண்டு தூங்கு."

வடிவம்மா காத்திருந்தாள். நான் அடுத்ததற்குப் போனேன்.

"இருங்கண்ணே. அவ்வளவுதானா?"

"ஓமே. நீங்க சொன்னதுதானே?"

"நான் அப்படிச் சொல்லலையே. 'வடிவு, கதவப் பூட்டு. பூட்டிட்டியா? பூட்டிட்டுத் தூங்கு.' அவரு எதையும் ஒரு தரம் சொல்ல மாட்டாரு. அந்த மனுசன் பேச்சே அப்படித்தான்." கொப்பியை எட்டிப் பார்த்தாள், எழுத்துக் கூட்டித் தடுமாறுகிற கண்ணால். "மத்ததுலயும் எடுத்துட்டீங்களா? அத ஏண்ணே எடுத்துட்டீங்க?"

பதினொன்றிலும் எடுத்திருந்தேன். தெரியாமலே. கை தானாகச் செய்திருக்கிறது. கடையில் ஒரு பதிவை என் காதால் கேட்டிருந்தும் செய்திருக்கிறது. கறுப்பையாவை இரண்டாவது தடவையும் நானே அழித்திருக்கிறேன்.

அப்போது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. அவள் என்ன செய்தாள் தெரியுமா? "சரி விடுங்க, நான் சொன்னதுதான் வெளங்கலபோல" என்று மறுபடியும் தன் மேலேயே போட்டுக்கொண்டாள். நான் அந்தப் பக்கங்களைக் கிழிக்காமல் அடுத்த பக்கத்திலிருந்து புதிதாக எழுதினேன். அவள் சொன்னபடி, ஒவ்வொன்றும் இரண்டு தரம், மூன்று தரம். ஏழாவதற்கு வந்தபோது அவளுக்குச் சொல் தடுமாறியது. நீ என்று சொன்னாரா, வடிவு என்று சொன்னாரா. காலையில் ஞாபகம் இருந்ததாம்.

"நீங்க வாசிச்சதக் கேட்டு கொழம்பிப் போச்சுண்ணே."

ஏழாவதில் அந்தச் சொல்லின் இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். நான் நினைத்தால் நிரப்பலாம், முப்பத்தொரு வருஷ அனுபவம். நிரப்பமாட்டேன்.

8

இந்தக் கதை ஒரு சஞ்சிகையில் வரும். வந்தால் தர்ஷிகா கடையில் ஒரு பிரதி கிடக்கும். நிலூஷா, நீ வாசிக்கிற பிள்ளை என்று அம்மா சொன்னாள். உன் கைக்கும் இது வந்து சேரும்.

அம்மா ஈரத்தில் வைத்ததால் ஒன்றும் கெடவில்லை. அம்மா எதையும் தொலைக்கவில்லை. நான்தான். இதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை, ஒரு பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் கட்டுகிறேன். கேவலம் என்று தெரியும். அதையும் அழிக்காமல் விடுகிறேன்.

இந்தப் பக்கத்தை அம்மாவுக்கு நீ வாசித்துக் காட்டலாம். காட்டாமலும் விடலாம். காட்டினால் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது. நான் எழுதி வைக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையும் அச்சகத்தில்தான் இருப்பேன்.

3

சுவர்த்தாளில் விட்டுப்போனது இது. நல்ல தமிழில் எழுதத் தோன்றவில்லை. உன் அப்பா சொல்லியிருந்தால் எப்படிச் சொல்லியிருப்பாரோ, அப்படியே எழுதித் தர்ஷிகாவிடம் கொடுத்திருக்கிறேன்:

"அழிக்கிறதுக்கு முன்ன, எடுத்து வச்சதத் திறந்து கேளு. கேட்டியா? கேட்டுட்டு அழி."